தி ராங் மேன்: ஒரு அடிகூட விழாமல் உடைந்த குடும்பம்

1/
ஹிட்ச்காக் என்றால் நம்மில் பலருக்கு 'சைக்கோ' குளியலறைக் காட்சிதான் ஞாபகம் வரும். அதற்கு நாலு வருஷம் முன்னாடி, 1956ல், அவர் 'தி ராங் மேன்' என்று ஒரு கருப்பு வெள்ளைப் படம் எடுத்தார். கொலை கிடையாது. ரத்தம் கிடையாது. துரத்தல் கிடையாது. ஆனாலும் அவர் படங்களிலேயே என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதாங்க. ஏன் என்று ஒரு மருத்துவராகச் சொல்லிப் பார்க்கிறேன். நீளமான த்ரெட். பொறுமையாகப் படிங்க.

2/
கதை முழுக்கச் சொல்லப் போகிறேன். திருடன் யார் என்பதில் இந்தப் படத்தின் சஸ்பென்ஸ் இல்லை, அதனால் கவலை வேண்டாம். 'மடியில் கனம் இல்லைன்னா வழியில் பயம் எதுக்கு' என்று நாம் சொல்வோம் இல்லையா? அந்தப் பழமொழியை நம்பிய ஒரு மனிதருக்கு என்ன ஆனது என்பதுதான் படம்.

3/
படம் ஆரம்பிக்கும்போது ஹிட்ச்காக்கே வருகிறார். முகம் தெரியாது. பெரிய இருட்டு அரங்கில், பின்னால் வெளிச்சம், நீளமான நிழல். இது என் மற்ற படங்கள் மாதிரி இல்லை, இதில் வருவது எல்லாம் நிஜமாக நடந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறார். நியூயார்க்கில் 1953 ஜனவரியில் நடந்த கைது அது. அதே வருஷம் 'லைஃப்' பத்திரிகையில் கட்டுரையாக வந்தது. படத்தின் பல காட்சிகளை, சம்பவம் நடந்த அதே இடங்களிலேயே போய் எடுத்தார்.

4/
மேனி பாலஸ்ட்ரேரோ ஒரு இசைக் கலைஞர். ஸ்டார்க் கிளப் என்ற பணக்காரர்களின் இரவு விடுதியில் டபுள் பேஸ் வாசிப்பவர். விடியற்காலையில் ரயில் பிடித்து வீட்டுக்கு வருவார். மனைவி ரோஸ், இரண்டு பையன்கள். கொஞ்சம் கடன். குடி கிடையாது. பேப்பரில் வரும் குதிரைப் பந்தயப் பட்டியலில் பணம் கட்டாமலே கணக்குப் போட்டுப் பார்ப்பது மட்டும்தான் பொழுதுபோக்கு. ஹென்றி ஃபோண்டா நடித்திருக்கிறார். நம்ம தெருவில் தலை குனிந்து போய் வருவாரே ஒருத்தர், அப்படியே.

5/
ரோஸுக்கு ஞானப்பல் வலி. எடுக்க 300 டாலர் ஆகும். கையில் காசு இல்லை. மனைவி பெயரில் உள்ள இன்சூரன்ஸ் பாலிசி மேல் கடன் கிடைக்குமா என்று கேட்க மேனி அந்த அலுவலகத்துக்குப் போகிறார். கோட்டுக்குள் கைவிட்டு பாலிசியை எடுக்கிறார். கவுன்டரில் இருக்கும் பெண்ணுக்குக் கை நடுங்குகிறது. ஏனென்றால் அதே அலுவலகத்தில் ஏற்கனவே கொள்ளை நடந்திருக்கிறது. அந்தக் கொள்ளைக்காரன் முகம் மாதிரியே அவளுக்கு இவர் முகம் தெரிகிறது.

6/
இதைக் கவனமாகப் பாருங்க. அவள் உள்ளே போய் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்கிறாள். அவளும் எட்டிப் பார்க்கிறாள். ஆமா, அவன்தான். இன்னொருத்தியும் பார்க்கிறாள். போலீஸ் வருவதற்கு முன்பே, அடையாளம் காட்டச் சொல்லி யாரும் கேட்பதற்கு முன்பே, முடிவு எடுத்தாகிவிட்டது. இதில் ஒருத்தியும் பொய் சொல்லவில்லை. ஒருத்திக்கும் மேனி மேல் பகை கிடையாது. எல்லாரும் உண்மையிலேயே பயந்து போயிருக்கிறார்கள்.

7/
அன்று மாலை வீட்டு வாசலில் மேனி சாவியைக் கையில் எடுக்கும்போது மூன்று பேர் கூப்பிடுகிறார்கள். மஃப்டி போலீஸ். உள்ளே போய் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்கிறார். விடவில்லை. குற்றம் செய்யாதவன் பயப்பட ஒன்றும் இல்லை என்று ஆறுதலாகச் சொல்கிறார்கள். நம்ம மடியில் கனம் பழமொழியின் அமெரிக்க வடிவம் அது. படத்தில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நமக்கு வயிற்றைப் பிசையும்.

8/
கொள்ளை நடந்த மற்ற கடைகளுக்கு அவரைக் கூட்டிப் போகிறார்கள். உள்ளே போ, கடைசி வரை நட, திரும்பி வா. கடைக்காரர்கள் பார்க்கிறார்கள். ஒரே ஒருத்தர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆள் கிடையாது. போலீஸ் ஒருவரை அழைத்து வந்து நடக்க விட்டால், பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? 'இவனைப் பிடிச்சிட்டாங்க போல' என்றுதானே தோன்றும். கேள்வி கேட்கும் விதத்திலேயே பதில் ஒளிந்திருக்கிறது.

9/
அடுத்து, கொள்ளைக்காரன் கொடுத்த மிரட்டல் சீட்டை போலீஸ்காரர் வாசிக்க, மேனி எழுத வேண்டும். மறுபடியும் எழுதச் சொல்கிறார்கள். காசுப்பெட்டியைக் குறிக்கும் ஆங்கில வார்த்தையில் கடைசி இரண்டு எழுத்தை விட்டுவிடுகிறார். கொள்ளைக்காரனும் அதே வார்த்தையில் அதே எழுத்துகளைத்தான் விட்டிருந்தான். போதாதா? கதை முடிந்தது. அப்புறம் அணிவகுப்பு. அந்த இன்சூரன்ஸ் பெண்கள் வந்து அவரைச் சுட்டுகிறார்கள். அன்று இரவே லாக்கப்.

10/
வெற்றிமாறனின் 'விசாரணை' பார்த்திருப்பீர்கள். அதில் விழும் அடியை மறக்க முடியாது. செய்யாத குற்றம் என்றாலே நம் மனசில் லத்தி வந்து நிற்கும். இந்தப் படத்தில் ஒரு அறைகூட விழாது. யாரும் கெட்ட வார்த்தை பேசமாட்டார்கள். போலீஸ் மரியாதையாகப் பேசும். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். அப்படியே ஒரு நிரபராதி கூண்டுக்குள் போய்விடுகிறார். கெட்டவன் இருந்தால் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இங்கே திட்டுவதற்கு ஆள் இல்லை. எனக்குப் பயம் வந்தது இதனால்தான்.

11/
சரி, நேரில் பார்த்தவர்கள் இத்தனை பேர் எப்படித் தப்பாகச் சொல்வார்கள்? இங்கேதான் மருத்துவம் வருகிறது. நம் நினைவு செல்போன் வீடியோ கிடையாது. எடுத்துச் சேமித்து, வேண்டும்போது அப்படியே ஓட்டிப் பார்க்கும் வசதி மூளையில் இல்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை துண்டு துண்டாக இருப்பதை எடுத்துச் சேர்த்துத் திரும்பக் கட்டுகிறது. பக்கத்தில் கேட்டது, பிறகு பார்த்தது, யாரோ சொன்னது எல்லாம் அந்தக் கட்டுமானத்தில் செங்கல்லாகப் போய் உட்கார்ந்துவிடும். எது சொந்தச் செங்கல், எது இரவல் என்று நமக்கே தெரியாது.

12/
1974ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இருவர் செய்த பரிசோதனை ரொம்பப் பிரபலம். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் போட்டுக் காட்டினார்கள். சிலரிடம் 'கார்கள் இடித்தபோது என்ன வேகம்?' என்று கேட்டார்கள். சிலரிடம் 'நொறுங்க மோதியபோது என்ன வேகம்?' என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, 'உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?' என்று கேள்வி. படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. 'நொறுங்க' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். 'இடித்த' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். ஒரே ஒரு வார்த்தைதான் வித்தியாசம்!

13/
இதோடு பயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் கண்ணில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி ரொம்பச் சின்னது. கையை நீட்டி கட்டைவிரலைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த நகத்தின் அளவுதான் ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரியும். மீதியெல்லாம் மங்கல், கண் அலைந்து அலைந்து மூளை நிரப்பிக்கொள்கிறது. துப்பாக்கியோ கத்தியோ எதிரே வந்தால் கண் எங்கே போகும்? ஆயுதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். முகம் மங்கலில் போய்விடும். பயத்தில் பார்த்தது கல்வெட்டு மாதிரி பதியும் என்று நாம் நினைக்கிறோம். பயம் பதியும், சரி. முகம் பதிந்தது என்று சொல்ல முடியாது.

14/
இன்னொரு ஆபத்து, உறுதி. 1998ல் கேரி வெல்ஸ், ஏமி பிராட்ஃபீல்ட் ஒரு சோதனை செய்தார்கள். தப்பான ஆளை அடையாளம் காட்டியவர்களில் சிலரிடம் 'சரியான ஆளைத்தான் காட்டியிருக்கீங்க' என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார்கள். அவ்வளவுதான். அவர்கள், தாங்கள் முதலிலிருந்தே உறுதியாக இருந்ததாகவும், முகத்தை நன்றாகப் பார்த்ததாகவும் பிறகு சொன்னார்கள். நீதிமன்றத்தில் 'சத்தியமா இவன்தான்' என்று ஒருவர் கை நீட்டும்போது நமக்குச் சிலிர்க்கும். அந்த உறுதியில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு வழியில் யாரோ ஊற்றியது?

15/
இது ஆய்வுக்கூட விளையாட்டு இல்லைங்க. அமெரிக்காவில் டிஎன்ஏ பரிசோதனையால் நிரபராதி என்று நிரூபணமாகி, பல வருஷச் சிறைக்குப் பிறகு வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வழக்குகளை இன்னொசென்ஸ் புராஜெக்ட் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ பத்தில் ஏழில் நேரில் பார்த்தவரின் தவறான அடையாளம் ஒரு காரணமாக இருந்தது. ஹிட்ச்காக் படம் எடுத்தபோது இந்த ஆய்வு எதுவும் கிடையாது. அவர் கண்ணால் பார்த்ததையே அறிவியல் பின்னாடி வந்து எண்ணிச் சொன்னது.

16/
'சரி டாக்டர், அந்த எழுத்துப் பிழை? அதுவுமா தற்செயல்?' நியாயமான கேள்வி. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அன்றைய நியூயார்க்கின் மக்கள்தொகை கிட்டத்தட்ட 79 லட்சம். அதில் வயது வந்த ஆண்கள் 20 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். முகமும் கொஞ்சம் ஒத்துப்போய், அதே வார்த்தையையும் தப்பாக எழுதுபவர் பத்தாயிரத்தில் ஒருத்தர் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பேர்? 200 பேர். அதில் 199 பேர் நிரபராதி. வேறெந்த ஆதாரமும் இல்லாமல் இதை மட்டும் வைத்துக்கொண்டு 'இவன்தான்' என்றால், நாம் 199 பேரில் ஒருத்தரைப் பிடித்திருக்கத்தான் அதிக வாய்ப்பு.

17/
ரத்தப் பரிசோதனையிலும் இதே கணக்குதான். அபூர்வ நோய்க்கான பரிசோதனையை ஊரில் எல்லாருக்கும் செய்தால், 'பாசிட்டிவ்' வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த நோய் இருக்காது. அதனால்தான் ஒரு ரிப்போர்ட்டை வைத்து மட்டும் நாங்கள் சிகிச்சை ஆரம்பிப்பதில்லை. எங்களுக்கு முதல் வருஷத்திலிருந்து தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித் தரும் கேள்வி ஒன்று உண்டு: 'இது வேற என்னவா இருக்கலாம்?' நெஞ்செரிச்சல் என்று வருபவருக்கு ஈசிஜி எடுப்பது இந்தக் கேள்வியால்தான். மேனியின் வழக்கில் ஒரு போலீஸ்காரரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்ட கேள்வி எல்லாம் 'இவன்தானே?'

18/
லாக்கப் காட்சிக்கு வருவோம். மேனி பேசவே மாட்டார். கைவிலங்கு போட்டு மற்றவர்களோடு சேர்த்துக் கூட்டிப் போகும்போது தலையைத் தூக்கமாட்டார். அவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அடுத்தவர்களின் காலணிதான். நமக்கும் அதை மட்டும்தான் கேமரா காட்டும். குற்றம் செய்யாதவன் ஏன் தலை குனிகிறான்? அவமானத்துக்கு, நாம் செய்தோமா இல்லையா என்று தெரியாது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்பது போதும்.

19/
ஜாமீனில் வருகிறார். ஃபிராங்க் ஓ'கானர் என்ற நல்ல வக்கீல் கிடைக்கிறார். நிஜ மனிதர், பிற்பாடு குவீன்ஸ் பகுதியின் மாவட்ட வழக்கறிஞராகவே ஆனவர். ஒரு கொள்ளை நடந்த அன்று மேனி குடும்பத்தோடு வெளியூர் விடுதியில் இருந்தார். அங்கே கூட சீட்டாடியவர்கள் சாட்சி சொன்னால் போதும். தேடிப் போகிறார்கள். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவரும் இறந்துவிட்டார். அதைக் கேட்டு ரோஸ் சிரிக்கிறாள். நிறுத்த முடியாத சிரிப்பு. படத்தில் உண்மையான அலறல் என்றால் எனக்கு அந்தச் சிரிப்புதான்.

20/
இங்கிருந்து படம் மேனியை விட்டு ரோஸ் பக்கம் திரும்புகிறது. வேரா மைல்ஸ் நடிப்பை மனநல மருத்துவ வகுப்பில் போட்டுக் காட்டலாம். தூக்கம் போகிறது. சாப்பாடு போகிறது. வக்கீல் வழக்கைப் பற்றிப் பேசும்போது ரோஸ் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் என்னால்தான், என் பல்லுக்குக் காசு தேடித்தான் நீங்கள் அங்கே போனீர்கள் என்கிறாள். நாம் என்ன செய்தாலும் அவர்கள் விடமாட்டார்கள், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்துவிடலாம் என்கிறாள். ஒரு இரவு கையில் கிடைத்த பிரஷ்ஷால் புருஷனையே அடிக்கிறாள். கண்ணாடி உடைகிறது. மேனியின் முகம் அதில் இரண்டாகத் தெரிகிறது.

21/
மனச்சோர்வு நோயை நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்போம்? தூக்கம், பசி, எதிலும் நாட்டமின்மை, செய்யாத தப்புக்குக் குற்ற உணர்ச்சி, இனி எதுவும் மாறாது என்ற எண்ணம். இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும். ரோஸிடம் எல்லாமே இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டது கணவன். குற்ற உணர்ச்சியில் சாவது மனைவி. 1953ல் மனச்சோர்வுக்கென்று மாத்திரை கிடையாது. இமிபிரமின் என்ற முதல் முக்கிய மருந்து வந்தது 1950களின் கடைசியில்தான். ரோஸை ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மேனி வழக்கை நடத்த வேண்டும், வேலைக்கும் போக வேண்டும், பிள்ளைகளையும் பார்க்க வேண்டும்.

22/
ஹிட்ச்காக் பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் பேசும்போது, மனைவியின் கதை நடுவில் நீளமாக வந்து கணவனின் கதையை இடைமறித்துவிட்டது, அதனால் விறுவிறுப்பு குறைந்துவிட்டது என்கிற மாதிரி குறைப்பட்டார். பல விமர்சகர்களுக்கும் அதே குறை. மேதையை எதிர்த்துப் பேசுகிறேன், மன்னியுங்கள். அந்தப் பகுதி இல்லையென்றால் இது இன்னொரு கோர்ட் படம். 'அப்பாடா, தப்பிச்சிட்டார்' என்று எழுந்து போயிருப்போம். ரோஸ் இருப்பதால்தான் எழுந்து போக முடிவதில்லை.

23/
விசாரணை ஆரம்பிக்கிறது. எதிர்த்தரப்புச் சாட்சியை ஓ'கானர் துருவித் துருவிக் கேட்கும்போது ஒரு ஜூரி உறுப்பினருக்குப் பொறுமை போய்விடுகிறது. இதையெல்லாம் நாங்கள் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆகணுமா என்று எழுந்தே கேட்டுவிடுகிறார். அவர் மனசில் தீர்ப்பு எப்போதோ எழுதியாச்சு. அதனால் விசாரணை செல்லாமல் போய், மறுபடி முதலிலிருந்து. அந்த இடைவெளியில் நிஜக் கொள்ளைக்காரன் இன்னொரு கடையில் கைவரிசை காட்டப் போய் மாட்டிக்கொள்கிறான். இல்லையென்றால்? சட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. ஒரு கடைக்காரத் தம்பதியின் துணிச்சலும் அதிர்ஷ்டமும் காப்பாற்றின.

24/
நிஜத் திருடனை அடையாளம் காட்ட அதே இன்சூரன்ஸ் பெண்களைக் கூப்பிடுகிறார்கள். இவனைத்தான் என்கிறார்கள், அதே உறுதியோடு. வெளியே வரும்போது எதிரே மேனி நிற்கிறார். அவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல், தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு வார்த்தை கிடையாது. பெரிய வசனம் எதுவும் இல்லாத அந்த ஐந்தாறு விநாடியை நான் எத்தனை முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

25/
மேனி ஓட்டமாக ரோஸிடம் போகிறார். எல்லாம் முடிஞ்சது, நான் குற்றவாளி இல்லைன்னு ஆயிடுச்சு என்கிறார். ரோஸ் முகத்தில் ஒன்றும் இல்லை. உங்களுக்கு நல்லதுதான் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறாள். அவ்வளவுதான். பிறகு திரையில் எழுத்து வருகிறது, இரண்டு வருஷம் கழித்து அவள் குணமாகி வெளியே வந்தாள், குடும்பம் ஃபுளோரிடாவில் நலமாக இருக்கிறது என்று. படம் பார்ப்பவர்களை அழவிட்டு அனுப்பக்கூடாது என்று ஒட்டிய வாசகம் மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. அப்படியே முழுக்க உண்மை என்றாலும், இரண்டு வருஷம் எவ்வளவு நீளம் என்று மனநல வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைக் கேளுங்கள்.

26/
நான் சொல்ல வந்ததே இதுதாங்க. பொய்க் குற்றச்சாட்டு ஒரு காயம். 'நிரபராதி' என்ற தீர்ப்பு அந்தக் காயத்தில் சொருகிய கத்தியை வெளியே எடுக்கும். காயத்தை ஆற்றாது. கத்தியைக் குத்தியவர்களோ கெட்ட எண்ணம் உள்ளவர்கள் கிடையாது. தாங்கள் பார்த்தது சரி என்று உறுதியாக நம்பிய, உங்களை என்னைப் போன்ற சாதாரண மனிதர்கள்.

27/
1953ல் ஒருத்தரை அப்படிக் குத்த ஒரு இன்சூரன்ஸ் அலுவலகம், ஒரு போலீஸ் ஸ்டேஷன், ஒரு அணிவகுப்பு தேவைப்பட்டது. இன்றைக்கு? ஒரு போட்டோ, நாலு வரி, ஃபார்வர்ட் பட்டன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் திரண்டு அடித்ததில் அவர் இறந்துபோனார். அங்கே கூடியவர்களும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நம்பினார்கள்.

28/
அரசு மருத்துவமனை கேசுவாலிட்டியில் அடிதடி, விபத்து என்று வருபவர்களுக்கு நாங்கள் ஏ.ஆர் எழுதுவோம். விபத்துப் பதிவேடு. அதில் முதல் வார்த்தையே 'அலிஜ்ட்'. அதாவது, 'கூறப்படுவது'. 'இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், தெரிந்த இரண்டு பேர் கட்டையால் அடித்ததாகக் கூறப்படுகிறது'. எதிரே ரத்தம் ஒழுகிக்கொண்டு நிற்பவர் சொன்னாலும் அப்படித்தான் எழுத வேண்டும். காயம் எங்கே, எவ்வளவு நீளம் என்பது நான் பார்த்தது. அதை உறுதியாக எழுதுவேன். யார் அடித்தார் என்பது நான் கேட்டது. பார்த்ததையும் கேட்டதையும் ஒரே வரியில் குழப்பக்கூடாது.

29/
சிலர் கோபப்படுவார்கள். 'என்ன டாக்டர், என்னை நம்பலையா?' என்பார்கள். நம்பாததால் எழுதுவதில்லை. காயத்துக்குத் தையல் போட நம்பிக்கை போதும். இன்னொரு மனிதரைக் குற்றவாளி ஆக்க அது போதாது. கைது செய்தவரை மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டி வந்தாலும் இதே கதைதான். அவர் உடம்பில் இருப்பதைப் பார்த்து எழுதுவேன், அவர் சொல்வதைக் கேட்டு எழுதுவேன். அவர் யார், என்ன செய்தார் என்று தீர்மானிப்பது என் வேலை இல்லை. இந்த 'கூறப்படுவது' என்ற வார்த்தை நம் எல்லார் போனிலும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

30/
'அப்போ பாதிக்கப்பட்டவர் சொல்வதை நம்பவே கூடாதா?' கூடாது என்று நான் சொல்லவில்லை. கொள்ளை நடந்தது உண்மை, அந்தப் பெண்கள் பயந்தது உண்மை. அவர்களுக்கு ஆறுதலும் பாதுகாப்பும் தேவை. ஆனால் 'எனக்கு இது நடந்தது' என்பது வேறு, 'இந்த முகம்தான் செய்தது' என்பது வேறு. இரண்டாவதற்குச் சோதனை வேண்டும். தப்பான ஆளைப் பிடித்தால் பாதிக்கப்பட்டவருக்கும் நியாயம் கிடைக்காது. மேனி உள்ளே இருந்த நேரத்தில் நிஜத் திருடன் வெளியேதான் சுற்றிக்கொண்டிருந்தான்.

31/
வழி இருக்கிறது. 2014ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு ஒன்று சொன்ன பரிந்துரைகள் ரொம்ப எளிமையானவை. அணிவகுப்பை நடத்துபவருக்கே சந்தேக நபர் யார் என்று தெரியக்கூடாது. 'குற்றவாளி இதில் இல்லாமலும் இருக்கலாம்' என்று சாட்சியிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். எவ்வளவு உறுதி என்பதை அந்த நிமிஷமே அவர் வார்த்தையிலேயே பதிவு செய்ய வேண்டும். நம் நாட்டிலும் அடையாள அணிவகுப்பு பொதுவாக மாஜிஸ்திரேட் முன்னால் நடக்கிறது. அதை மட்டும் தனி ஆதாரமாகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு முன்னாடியே போட்டோ எல்லா டிவியிலும் எல்லா குரூப்பிலும் வந்துவிட்டால், சாட்சி எந்த முகத்தை அடையாளம் காட்டுவார்? நேற்று போனில் பார்த்த முகத்தையா, அன்று நேரில் பார்த்த முகத்தையா?

32/
நம்ம பக்கம் செய்ய வேண்டியது மூன்றே மூன்று.
ஒன்று, 'இவனைப் பார்த்தால் பிடிங்க' என்று வரும் போட்டோவை காவல்துறையின் அதிகாரபூர்வ பக்கத்தில் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.
இரண்டு, ஏதாவது சம்பவத்தைப் பார்த்தால் பக்கத்தில் பேசி முடிவு பண்ணுவதற்கு முன்னாடி, பார்த்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். சந்தேகம் இருந்தால் 'சந்தேகம்' என்றே எழுதுங்கள். அது அவமானம் இல்லை.
மூன்று, தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தால் அந்த இன்சூரன்ஸ் பெண்கள் மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு போகாதீர்கள். எத்தனை பேரிடம் சொன்னோமோ அத்தனை பேரிடமும் திருத்திச் சொல்லுங்கள்.

33/
கடைசியாக, வழக்கு, கைது, வதந்தி என்று மாட்டிய குடும்பம் உங்களுக்குத் தெரிந்து இருந்தால், வக்கீல் பற்றி மட்டும் விசாரிக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் தூங்குகிறார்களா, சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். எல்லாம் என்னால்தான் என்று யாராவது புலம்பிக்கொண்டே இருந்தால் விட்டுவிடாதீர்கள். ரோஸ் காலத்தில் இல்லாத மாத்திரையும் ஆலோசனையும் இன்று அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசமாகக் கிடைக்கிறது. போனில் பேச வேண்டும் என்றால் டெலி மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம். செலவில்லை.

34/
படத்தைத் தேடிப் பாருங்கள். மெதுவாகப் போகும், சண்டை இருக்காது, பாட்டு இருக்காது. பெர்னார்ட் ஹெர்மனின் இசையில் அந்த டபுள் பேஸ் அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இருக்கும். பார்த்த பிறகு, அந்தக் கவுன்டரில் மேனிக்கு எதிரே நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கீழே எழுதுங்கள். படிக்கிறேன். டியூட்டி முடிந்து பதில் போடுகிறேன்.